அழுத்து, பிடி, விடு

லோர்னாவின் வலது காலுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. லோர்னாவுக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம்.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்பேனரோடு சக்கரத்தடியில், இன்னொருவர் உள்ளே பெடலில். இருபத்தாறு வருடமாகச் சக்கரத்தடியில் செட்ரிக், பெடலில் லோர்னா. "அழுத்து. பிடி. விடு." அவர்களுடைய தாம்பத்தியத்தில் அதிகம் புழங்கிய வார்த்தைகள் எவை என்று யாராவது உட்கார்ந்து எண்ணினால், இந்த மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கும்.

அந்த செட்ரிக், எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் போர்ட் எலிசபெத் பஸ் டிப்போவில் மூன்று மாத வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று எப்படி எட்டானது, ஞாயிறு தவறாமல் வந்த போன் எப்படி மாதம் ஒன்றாகி, பிறகு மகனுக்கு மட்டும் என்றானது, இதெல்லாம் இத்தனை வாரம் இந்தக் கதையோடு கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். இன்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

போன மாதம் கில்லார்னி ரேஸ் ட்ராக்கில் ஐந்தாவது சுற்றின்போது மகன் டாஷ்வின் பிரேக்கை மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது. அவனுடைய வெள்ளை கோல்ஃப் கார் வளைவைக் கண்டுகொள்ளாமல் நேரே மணலுக்குள் போய்ப் புதைந்தது. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேலியோரம் நின்ற தாய்க்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு கிராஸி பார்க்கில் அந்த வீட்டு முற்றத்தில் பிரேக்கைத் தவிர வேறு பேச்சில்லை. டாஷ்வின் வேலை செய்யும் டயர் கடைப் பையன்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். ஒருவன் பேடை மாற்று என்றான், ஒருவன் டிஸ்க்கை மாற்று என்றான். டாஷ்வினோ பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரே பெரிதாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். எல்லோரும் லோர்னாவிடம் காபி கேட்டார்கள். யோசனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பெடல் அன்றைக்குத் திடீரென்று போகவில்லை. மூன்று மாதமாகவே இளகிக்கொண்டு வந்தது. ஆயில் பழசு.

வியாழக்கிழமை போர்ட் எலிசபெத்திலிருந்து ஒரு கனத்த பெட்டி வந்தது. அதில் சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு பெரிய காலிப்பர், கூடவே இரண்டு பெரிய டிஸ்க். ஒரு காலிப்பரில் ஒட்டிய டேப்பில் 'இடது', மற்றதில் 'வலது'. செட்ரிக்கின் கையெழுத்து.

டாஷ்வின் காலிப்பர்களைத் தூக்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு போன பிறகு, லோர்னா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உள்ளே அடைத்திருந்த செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை. செய்தித்தாளை நீவி மடித்து வைத்தாள்.

இது சனிக்கிழமைக் கதை. மறுநாள் காலை ஒன்பதுக்கு டாஷ்வின் மறுபடி ட்ராக்கில் இறங்கவேண்டும்.

*

ஸ்பேர்ஸ் கடை ரஷீத்துக்கு அறுபது வயது. தெருவே அவரை 'பூட்டா', அதாவது அண்ணன், என்று மரியாதையாகக் கூப்பிடும். மரியாதை ஒருவழிப் பாதை. அவர் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை.

"மூணே மூணு சாமான்தான் சொன்னேன்," என்றார் கவுன்டரில் கையூன்றி. "புது ஆயில், நல்ல பேட், கம்பி வலை போட்ட ஹோஸ். போட்டுட்டு ஒரு நாள் ஓட்டு. அப்பவும் பத்தலைன்னா பெரிய காலிப்பரப் பத்திப் பேசலாம். ஒன் வண்டி என்னடா எடை? ஒங்கம்மா இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவா."

"அப்பா அனுப்பிட்டாரே, பூட்டா."

"ஒங்கப்பன் கம்பளிக் கோட்டு அனுப்பினா வெயில்லயும் மாட்டிக்குவியா? அந்த டிஸ்க் ஒன் பதிமூணு இஞ்ச் வீலுக்குள்ள நுழையுமா?"

"கடையிலேருந்து பதினஞ்சு இஞ்ச் கேட்டு வாங்கிட்டேன்."

"பிரேக்குக்காக வீலு. வீலுக்காக டயரு. நாளைக்கு டயருக்காக வேற வண்டி வாங்கு."

டாஷ்வின் சிரித்து மழுப்பினான். ரஷீத் மூன்று பேட் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது ரோட்டுக்கு. ட்ராக்ல மூணாவது சுத்துல புகையும். இது அசல் ரேஸ் பேட். சூடேறினா சுவத்துல மோதின மாதிரி நிறுத்தும், ஆனா ஜில்லுன்னு இருக்கறப்ப மிதிச்சா ஒன்னப் பாத்துச் சிரிக்கும். இது ரெண்டுக்கும் நடுவுல. எது?"

பையனின் கை ரேஸ் பேடை நோக்கிப் போனது.

"நடுவுல உள்ளது," என்றாள் லோர்னா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே நிற்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல.

"ட்ராக்குலேருந்து வீட்டுக்கும் அதே வண்டியிலதானே வரணும்," என்றாள் தணிந்த குரலில். "சிக்னல்ல ஜில்லுன்னுதானே இருக்கும்."

"கேட்டியாடா?" ரஷீத் கவுன்டரில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒன் டயர் கடைப் பசங்க மூணு வாரமாப் பேசினதுல இந்தளவுக்குப் புத்தி இருந்துச்சா?"

நடுவிலிருந்த பெட்டி பைக்குள் போனது. லோர்னாவுக்கு உள்ளுக்குள் ஏதோ சின்னதாக நிமிர்ந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டாஷ்வின் மேல் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தான். பாட்டிலில் கைப்பம்பும் நீளமான ட்யூபும் இருந்தன.

"இது எதுக்கு?" என்றாள்.

"காத்து எடுக்கறதுக்கு மா. ஆயில் டேங்க் மேல மாட்டிப் பம்ப் அடிச்சா, ஆயில தானே தள்ளும். பெடல்ல ஆளே வேணாம். ஒத்த ஆளா முடிச்சிடலாம்."

ரஷீத் லோர்னாவைப் பார்த்தார். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டு, பில் புத்தகத்தில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

"நல்லதுதான்," என்றாள் லோர்னா. "எனக்கும் முட்டி வலி."

அவளுக்கு முட்டி வலி கிடையாது.

*

சால்ட் ரிவர் தையல் ஆலையில் முப்பது வருடம் மெஷின் பெடலை மிதித்த கால் அது. எவ்வளவு அழுத்தினால் ஊசி எத்தனை தையல் ஓடும் என்பது அவள் மூளைக்குப் போகாது, காலோடு நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் ஆலையை மூடினார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு பெடல்தான். அதையும் இன்று ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டது.

சமையலறை ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. தென்கிழக்குக் காற்று மணலை வாரி இறைக்க, டாஷ்வின் சக்கரத்தைச் சுற்றி அட்டைகளை நிறுத்திவிட்டு வேலை செய்தான். பழைய காலிப்பர் கழன்றது, சிவப்புக் காலிப்பர் ஏறியது. பாட்டிலை மாட்டினான். பம்ப் அடித்தான். எழுந்துபோய்ச் சக்கரத்தடியில் உட்கார்ந்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. லோர்னா ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை இன்னொரு முறை கழுவினாள். வீட்டில் ஆள் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்று அவளிடம் யாராவது கேட்டால், இந்த ஜன்னலைக் காட்டினால் போதும்.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வருடா வருடம் வருவது. பெறுநர்: லோர்னா ஃபோர்ட்டுயின். வண்டி வாங்கிய நாளில் செட்ரிக்குக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. வரிசையில் நின்று தன் பேரிலேயே கையெழுத்துப் போட்டவள் இவள். அதன்பிறகும் ஒவ்வொரு வருடமும் வரிசையில் இவள்தான். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று அந்த வீட்டு ஆண்கள் யோசித்ததே இல்லை. திங்கட்கிழமை போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தாளை ஏப்ரன் பையில் போட்டாள்.

மதியத்துக்கு டாஷ்வின் கேட்ஸ்பி வாங்கி வந்தான். முழங்கை நீள ரொட்டிக்குள் இறைச்சியும் உருளைச் சிப்ஸும் திணித்து நாலாக வெட்டிய வகை. மூன்று பேர் இருந்தபோது நாலாவது துண்டுக்கு அப்பனும் மகனும் அடித்துக்கொள்வார்கள். இன்று இரண்டு துண்டு காகிதத்திலேயே கிடந்தது.

"காத்து எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்தாச்சே. அரை மணி நேரம். அப்பாவும் நீயும் ஒரு மத்தியானம் முழுக்கக் கத்திக்கிட்டிருப்பீங்க."

அவன் கை கழுவ உள்ளே போனான். லோர்னா முற்றத்துக்கு வந்தாள். கொஞ்சம் தயங்கி, கார்க் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை. யாருக்கு என்ன நஷ்டம்?

மிதித்தாள். பெடல் ஆழமாக இறங்கியது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தாள். இப்போது பாதியிலேயே நின்றது. மூன்றாவது மிதிக்கு இன்னும் மேலே.

நாலாவது மிதிக்குக் காலைத் தூக்கினாள்.

"மா, என்ன பண்ற?"

"உள்ள காத்து இருக்குடா."

"இல்லவே இல்ல. ஒரு லிட்டர் ஆயில் தள்ளியாச்சு. ட்யூப்ல ஒரு குமிழி வரல."

"மொத மிதில கீழ போகுது. ரெண்டாவதுல மேல வருது."

"புதுப் பேட் மா. டிஸ்க்ல இன்னும் ஒக்காரல. நாலு தடவ பிரேக் போட்டா சரியாயிடும்."

"ஒக்காராத பேடு வேற மாதிரி இருக்கும். இது காத்து."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கால்ல தெரியுது."

அவன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தோடு அல்ல, ஆனாலும் சிரித்தான். "பாட்டில் பொய் சொல்லுது, ஒன் காலு உண்மை சொல்லுது. அப்படித்தானே?"

நாளைக்கு நேர்ப்பாதையின் முடிவில், நூற்று அறுபதில் வந்து, முதல் மிதி ஆழமாகப் போகும். இரண்டாவது மிதிக்கு அங்கே நேரமிருக்காது. அவளுக்கு இது தெரியும். தெரிந்ததைச் சொல்லி நம்பவைக்கும் வார்த்தைதான் அவளிடம் இல்லை. முப்பது வருடம் அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாள். பேசச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

"சரி," என்று இறங்கினாள். "தொப்பியாவது மாட்டிட்டுப் போறேன்."

காற்று எடுத்தபிறகு காலிப்பரில் ஆயில் வெளிவரும் சின்ன மூக்குக்கு ஒரு ரப்பர் தொப்பி போடவேண்டும். அதுவும் அவள் வேலைதான். சக்கரத்தருகே குந்தி, வழக்கம்போல மேலே தடவினாள். கையில் மூக்கு அகப்படவில்லை. இன்னும் உள்ளே தடவினாள். கடைசியில் கன்னம் சிமென்டுத் தரையில் படக் குனிந்து பார்த்தாள். மூக்கு அடியில் இருந்தது. எழுந்து மறுபக்கச் சக்கரத்துக்குப் போனாள். அங்கேயும் அடியில்.

இருபத்தாறு வருடத்தில் தொப்பி போட அவள் ஒருநாளும் இவ்வளவு குனிந்ததில்லை.

"டாஷ்வின், இது ஏன் தலைகீழா இருக்கு?"

"எது?"

"மூக்கு. காத்து மேலதானே போய் நிக்கும்? ஓட்டை கீழ இருந்தா அது எப்படி வெளிய வரும்?"

வந்து குனிந்தான். நிமிரவே இல்லை. கீழே கிடந்த டேப்புகளை எடுத்துப் பார்த்தான். "அப்பா எழுதினபடிதான் மாட்டினேன். இடது இந்தப் பக்கம், வலது அந்தப் பக்கம்."

"நீ எங்க நின்னு பாத்த?"

"சீட்ல ஒக்காந்தா எதுவோ அது. எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க?"

"எல்லாரும் சொல்வாங்க. உங்கப்பா சொல்ல மாட்டார்." லோர்னா வண்டிக்கு முன்னால் வந்து, இடுப்பில் கைவைத்து, செட்ரிக் நிற்பதுபோலவே வண்டியைப் பார்த்து நின்றாள். "இப்படி நின்னுதான் சொல்வார். அவரோட இடதுதான் எல்லாத்துக்கும் இடது. கல்யாணமான புதுசுல, 'இடது லைட்டைத் துடை'ன்னா நான் எப்பவும் தப்பானதத் துடைச்சுத் திட்டு வாங்குவேன். அப்புறம் பழகிட்டேன். அவர் இடதுன்னா வண்டிக்கு வலது."

டாஷ்வின் டேப்புகளைக் கையிலேயே வைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. நேர்ப்பாதையின் முடிவை அவனும் இப்போது பார்த்துவிட்டான் என்று தெரிந்தது.

காலிப்பர்களைக் கழற்றிப் பக்கம் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. முடித்தபின் அவன் பாட்டிலை எடுக்கவில்லை.

"உள்ள ஏறும்மா."

ஏறினாள்.

"அழுத்து... பிடி... விடு." குரல் அப்பனுடையது மாதிரியே இருந்தது. "மா! குமிழியாக் கொட்டுது மா!"

"கொட்டட்டும். சொல்லிக்கிட்டே இரு."

நாற்பது தடவையோ ஐம்பது தடவையோ. கடைசியில் பெடல் உயரத்திலேயே கல் மாதிரி நின்றது. இப்போது உண்மையிலேயே முட்டி வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

*

புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. நூறில் போய் முப்பதுக்கு இறக்கவேண்டும், நிறுத்திவிடக் கூடாது. இப்படிப் பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமலே கால்மணி நேரம் ஓட்டிக் காற்றில் ஆறவிடவேண்டும். சூட்டோடு நிறுத்தினால் பேட் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும், எல்லாம் பாழ்.

"நீயும் வாம்மா," என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று! ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஏறிக்கொண்டாள்.

ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன் தாண்டிக் கடற்கரைச் சாலை காலியாகக் கிடந்தது. தாரின் மேல் மணல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஆறாவது தடவையில் எரிந்த வாடை வந்தது. எட்டாவதில் வண்டி தரையோடு கட்டிப்போட்டதுபோல் இறங்கியது.

"பிடிக்குது பாத்தியா!" என்றான்.

"பிடிக்குது," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

பத்து முடிந்தது. அவன் ஐந்தாவது கியரில் வண்டியை மெதுவாக ஓடவிட்டான்.

"மா. அப்பா நாளைக்கு ட்ராக்குக்கு வர்றார்."

லோர்னா திரும்பவில்லை. "யாரோட?"

"தனியாத்தான். பஸ்ல." கண்ணாடியைச் சரிசெய்தான். "டிப்போல எனக்கு வேலை பேசி வச்சிருக்கார். ஃபிட்டர் வேலை. திங்கக்கிழமையே சேரணும். நாளைக்கு ட்ராக் முடிஞ்சதும் அப்படியே... வண்டியிலயே போயிடறோம்."

"நாளைக்கா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மூணு வாரமா."

"வண்டிய நிறுத்து."

"மா..."

"நிறுத்துடா. நான் எறங்கிக்கறேன்."

"நிறுத்த முடியாதும்மா. சூடா இருக்கு."

உண்மைதான். அவளுக்கே அது நன்றாகத் தெரியும். இன்னும் பதினான்கு நிமிடம் இந்த வண்டி நிற்காது. அவளால் இறங்கிப் போகவும் முடியாது, கதவைச் சாத்திக்கொண்டு அழவும் முடியாது. இந்த நேரமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். செட்ரிக்கின் பிள்ளைதான். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மணல் முகத்தில் அடித்தது. அது வசதியாக இருந்தது.

முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "அப்ப அந்த பாட்டில்?"

"அங்க எனக்கு யாரு மா அழுத்துவா? அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்."

காலையிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த பாட்டில் அந்த நொடியில் கரைந்துபோனது. அவள் வேண்டாதவள் என்பதற்காக அவன் அதை வாங்கவில்லை. அவள் இல்லாத இடத்துக்குப் போகிறான், அதற்காக வாங்கியிருக்கிறான். எது தேவலை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பாட்டில நம்பிடாத," என்றாள். "குமிழி நின்னாலும் ஒரு தடவ காலை வச்சுப் பாரு. மொத மிதி என்ன சொல்லுதுன்னு பாரு."

"சரிம்மா."

"மூக்கு மேல இருக்கான்னு பாரு."

"சரி."

வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிவு. சூட்டில் கைப்பிரேக்கும் போடக்கூடாது. அவன் வண்டியை உள்ளே ஏற்றி எஞ்சினை அணைத்ததும் அவள் பழக்கதோஷத்தில் இறங்கி, சுவரோரம் கிடந்த மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி அதன்மேல் சாய்ந்து நின்றது. இந்தக் கட்டையையும் எடுத்துக்கொண்டு போவார்களா?

*

சூடு ஆறியபின் ஒருமுறை கசிவு பார்ப்பது செட்ரிக் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்று. ஏழு மணி. வெயில் இன்னும் மேற்குச் சுவரில் இருந்தது. ஆறிப்போன கேட்ஸ்பித் துண்டுகளை இருவரும் தொடவில்லை.

"ஏறும்மா. கடைசித் தடவ."

அந்த வார்த்தை எதைக் குறித்தது என்று அவனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது; சொல்லிவிட்டுச் சட்டென்று டார்ச்சைத் தேடினான். லோர்னா இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அழுத்து."

அழுத்தினாள். பெடல் உயரத்திலேயே நின்றது.

"பிடி. நான் ஒவ்வொரு இணைப்பாப் பாத்துட்டு வர்றேன். விட்டுடாத."

இடது முன்சக்கரத்தைப் பார்த்தான். வலது பார்த்தான். பின்பக்கம் போகும்போது அவன் போன் அடித்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"அப்பா!" குரல் ஒரு படி ஏறிவிட்டது. "சூப்பரா பிடிக்குதுப்பா... ஆமா, போட்டுப் பாத்தாச்சு... என்ன? இல்ல, நீ பக்கம் மாத்தி எழுதிட்ட, தெரியுமா?" சிரித்தான். அந்தப் பக்கமும் சிரிப்பது லேசாகக் கேட்டது. டார்ச்சைப் போனட்டின் மேல் வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு நடந்தான்.

லோர்னா பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று அந்தப் பக்கம் கேட்பதற்கு ஒரு நிமிடம் கொடுத்தாள். இரண்டு நிமிடம் கொடுத்தாள். கேட்டிருந்தால் பையன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பான். அவன் முதுகுதான் தெரிந்தது.

காற்று திசை மாறி ஒரு வாக்கியத்தை மட்டும் கொண்டுவந்து போட்டது.

"வண்டி பேப்பரா? வீட்லதான்ப்பா எங்கயாவது இருக்கும். நான் எடுத்துட்டு வந்துடறேன். ஒன் பேர்லதானே இருக்கு, கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

லோர்னாவின் கை ஏப்ரன் பைக்குள் போனது. தாள் அங்கேயே இருந்தது. காலையில் திங்கட்கிழமைக்கென்று மடித்துவைத்த தாள். வெளியே எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்து விரித்தாள். லோர்னா ஃபோர்ட்டுயின். இவ்வளவு நாள் அந்தப் பெயரை வரிசையில் நிற்கவேண்டிய ஆளின் பெயராகத்தான் அவள் படித்திருக்கிறாள்.

பேச்சு முடியவில்லை. டாஷ்வின் தெருமுனை வரைக்கும் போய்விட்டான். ஸ்பேனர் தரையில் கிடந்தது. டார்ச் போனட்டின் மேல் வீணாக எரிந்துகொண்டிருந்தது. தொடை நடுங்க ஆரம்பித்தது. விடச் சொல்ல யாரும் அங்கே இல்லை.

அவளும் விடவில்லை. ஒரு கையில் தாளும் ஒரு காலில் பெடலுமாக உட்கார்ந்திருந்தாள். பெடல் இம்மியும் கீழே இறங்கவில்லை.